பழங்குடி ஊரில் பல்லுயிர்ப் பதிவேடு எழுதப் போகிறீர்களா? இதைப் படித்துவிட்டுப் போங்கள்

கல்லூரி என்.எஸ்.எஸ். மாணவர்கள், ஊராட்சிக்குப் புதிதாக வந்த உறுப்பினர்கள், தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து ஆறு மாதம் ஆகாத இளைஞர்கள் என்று பலர் இந்த வேலையில் இறங்குகிறார்கள். கையில் ஒரு படிவக் கட்டு, போனில் செடியை அடையாளம் காட்டும் செயலி, கூடவே ஒருநாள் பயிற்சி. ஊருக்குப் போய் இரண்டு பெரியவர்களைத் திண்ணையில் உட்காரவைத்து "இங்கே என்னென்ன மூலிகை இருக்கு?" என்று கேட்டு, சொன்ன பெயர்களை எழுதி, படம் எடுத்துக்கொண்டு சாயங்கால பஸ்ஸைப் பிடித்துவிடுகிறார்கள். இப்படி எழுதிய பதிவேட்டால் அந்த ஊருக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை, சில சமயம் கெடுதலும் வரும்.

சட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2002-ம் ஆண்டு உயிரியல் பல்வகைமைச் சட்டப்படி ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு பல்லுயிர் மேலாண்மைக் குழு அமைக்க வேண்டும். அந்தக் குழுவின் முதல் வேலை, ஊர்மக்களைக் கலந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேட்டைத் தயாரிப்பது. என்னென்ன உயிர்கள் இருக்கின்றன, அவற்றைப் பற்றி ஊருக்கு என்ன தெரியும், எதற்குப் பயன்படுத்துகிறார்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும். பல ஆண்டுகள் யாரும் கண்டுகொள்ளவில்லை. அப்புறம் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2020 ஜனவரி 31-க்குள் எல்லா ஊரிலும் முடிக்க வேண்டும், முடிக்காத மாநிலம் மாதம் 10 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்று சொன்னதும் நாடு முழுக்க ஒரே அவசரம், பக்கத்து ஊர் பட்டியலையே ஊர்ப்பெயரை மட்டும் மாற்றி ஒட்டிய கதைகள் எல்லாம் அப்போது வந்தவைதான். எனவே நீங்கள் போகும் ஊருக்கு ஏற்கெனவே ஒரு பதிவேடு "இருக்கிறது" என்று அலுவலகத்தில் சொல்லலாம். அதை வாங்கிப் பாருங்கள். மலையூரின் பதிவேட்டில் வயல்காட்டுச் செடிகளாக இருந்தால் விஷயம் புரிந்துவிடும், முதலிலிருந்து தொடங்குங்கள்.

பட்டியலை விடுங்கள், வழக்கத்தை எழுதுங்கள்

ஒரு மலையில் என்ன செடி இருக்கிறது என்பதைத் தாவரவியல் துறை சொல்லிவிடும். எப்போது எடுக்கலாம், எவ்வளவு விட்டுவைக்க வேண்டும், யார் எடுக்கக் கூடாது, எந்தப் பக்கம் காலே வைக்கக் கூடாது என்பதை அந்த ஊர்தான் சொல்ல முடியும், காட்டை இத்தனை காலம் நிற்கவைத்ததும் இந்தக் கணக்குதான். படிவத்தில் இதற்கென்று இருக்கும் கட்டம் சின்னது. கூடுதல் தாள் இணையுங்கள், கூச்சப்பட வேண்டாம்.

இது ஏன் முக்கியம் என்பதற்கு சோளகர் என்ற பழங்குடியினரின் கதையைப் பாருங்கள். சத்தியமங்கலம் காட்டை ஒட்டிக் கர்நாடகத்துக்குள் இருக்கிறது பிலிகிரி ரங்கன் மலை. (அங்கே சோலிகர் என்பார்கள், நம் பக்கம் தாளவாடி, பர்கூர் மலைகளில் இருப்பவர்களைச் சோளகர் என்கிறோம்.) கோடை முற்றுவதற்கு முன்னால், ஜனவரி வாக்கில், காய்ந்த சருகுக்கு லேசாகத் தீ வைப்பது அவர்கள் வழக்கம், அதற்குத் தரகு பெங்கி என்று பெயர். முழங்கால் உயரம்கூட எழும்பாத தீ, சருகையும் காய்ந்த புல்லையும் தின்றுவிட்டு அணைந்துவிடும், மரத்துக்கு ஒன்றும் ஆகாது. 1974-ல் அந்த மலை சரணாலயம் ஆனது, தீ வைப்பது குற்றம் என்று ஆனது. அதன்பிறகு காட்டின் அடித்தளம் முழுக்க உண்ணிச்செடி (லந்தானா) என்ற களை ஏறிவிட்டது. 1997-லும் 2008-லும் ஆய்வாளர்கள் அளந்து பார்த்தபோது, அந்த இடைவெளியில் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு இடங்களுக்குப் பரவியிருந்தது.

நெல்லிக்காயிலும் இதே கதைதான். காட்டு நெல்லி மரங்கள் குறைகின்றன, சோளகர்கள் அளவுக்கு மீறிப் பறிப்பதுதான் காரணமாக இருக்கும் என்று வெளியாட்கள் நினைத்தார்கள். சோளகர்கள் சொன்னது வேறு: புல்லுருவி ஏறிய மரம்தான் சாகிறது, முன்பு சருகுத்தீ போட்ட காலத்தில் புல்லுருவி இவ்வளவு இல்லை. பின்னால் ஆய்வாளர்கள் மரம் மரமாகக் கணக்கெடுத்தபோது பறிப்பதைவிடப் புல்லுருவிதான் பெரிய சேதம் என்று தெரிந்தது. அதற்குள் சரணாலயத்தில் காட்டுப்பொருள் எடுத்து விற்கவே தடை வந்து அவர்கள் வருமானம் போய்விட்டது. நாற்பது வருடமாக ஒரு மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவரிடம் அது ஏன் சாகிறது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை, எனக்கு இதில்தான் கோபம்.

இதைப் படித்துவிட்டு "அப்போ தீ வைக்கச் சொல்லலாமா" என்று கிளம்பிவிடாதீர்கள். இப்போது உண்ணிச்செடி ஆளுயரத்துக்கு மண்டிக் கிடக்கிறது, அதில் தீ பிடித்தால் அது பழைய சருகுத்தீயாக இருக்காது, மர உச்சிவரை போகும். சோளகப் பெரியவர்களே அதைச் சொல்கிறார்கள். நீங்கள் எழுத வேண்டியது பழைய வழக்கம், அது நின்ற காலம், நின்றபின் கண்ணில் பட்ட மாற்றம் என மூன்றும்தான். பதிவேட்டில் "முன்பு இருந்து இப்போது இல்லாதவை" என்று ஒரு தனிப்பகுதி வையுங்கள். அனுபவத்தில் சொல்கிறேன், பெரியவர்கள் அதிகம் பேசுவது அதைப் பற்றித்தான்.

போவதற்கு முன்: அனுமதி யாரிடம்

ஊராட்சித் தலைவர் கையெழுத்து உங்களை ஊர் எல்லைவரைதான் கொண்டுபோகும். ஊருக்குள் வேலை செய்ய ஊர்க்கூட்டத்தின் சம்மதம் வேண்டும். வந்திருப்பது யார், இதை எழுதி யாரிடம் கொடுக்கப்போகிறோம், எழுதியபின் யார் யார் படிக்க முடியும், எழுதினால் என்ன நன்மை, என்ன ஆபத்து, இதையெல்லாம் அவர்கள் பேச்சில் சொல்லுங்கள். ஆபத்தைச் சொல்லாமல் வாங்கிய சம்மதம் சம்மதம் ஆகாது.

காணிக்காரர்கள் என்ற பழங்குடியினர் விஷயத்தில் என்ன நடந்தது என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள், ஊரில் யாராவது கேட்டால் சொல்லவும் உதவும். 1987-ல் அகத்தியமலைப் பக்கம் ஆய்வுக்குப் போன விஞ்ஞானிகள் ஏறி ஏறிக் களைத்துப்போக, வழிகாட்ட வந்த காணிக்காரர்கள் மட்டும் ஏதோ சின்னப் பழத்தைத் தின்றுகொண்டு தெம்பாக நடந்தார்கள். அது என்ன என்று கேட்டால் சொல்லவில்லை, வெளியாளுக்குச் சொல்லக் கூடாத விஷயம் அது. வற்புறுத்திக் கேட்டபின்தான் செடியைக் காட்டினார்கள். அதுதான் ஆரோக்கியப்பச்சை. திருவனந்தபுரம் பாலோட்டில் உள்ள தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதிலிருந்து ஜீவனி என்ற மருந்தைத் தயாரித்து, 1995-ல் ஒரு ஆயுர்வேத நிறுவனத்துக்கு 10 லட்சம் ரூபாய்க்கும் விற்பனையில் 2 சதவீதத்துக்கும் உரிமம் கொடுத்தது. வந்ததில் பாதி காணிக்காரர்களுக்கு என்று முடிவாகி, 1997-ல் அவர்களுக்கு ஒரு அறக்கட்டளையும் பதிவானது. மரபறிவு கொடுத்தவர்களுக்குப் பங்கு கொடுத்த முன்மாதிரி என்று உலகம் முழுக்க இன்றுவரை பேசுகிறார்கள்.

பாராட்ட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் வழிகாட்டியாகப் போன இரண்டு மூன்று பேர் சொன்னது, மலை முழுக்கச் சிதறி இருக்கும் ஒரு சமூகத்தின் சம்மதம் ஆகிவிடுமா? மருத்துவம் பார்க்கும் பிலாத்திகள் சிலர் அப்போதே எதிர்த்தார்கள். செடிக்கு விலை வந்ததும் காட்டில் புகுந்து வேரோடு பிடுங்கியதும் நடந்தது, காப்புக்காட்டுக்குள் பயிரிட வனத்துறையும் விடவில்லை. ஆகவே "தெரிந்தவர் ஒருவர் சொல்லிட்டார்" என்று எதையும் எழுதாதீர்கள். அந்த விஷயம் யாருடையது, ஒரு குடும்பத்துடையதா, ஒரு குலத்துடையதா, ஊர் முழுக்க உள்ளதா என்று முதலில் கேளுங்கள். அதற்கேற்பச் சம்மதம் வாங்குங்கள்.

நான் கடைப்பிடிப்பது மூன்று நோட்டு முறை. ஒன்று, எல்லோரும் படிக்கலாம் என்பதற்கு: கீரைகள், விதைகள், பறவைகள், பருவக் கணக்கு. இரண்டாவது ஊருக்குள் மட்டும் இருக்க வேண்டியதற்கு: எடுக்கும் இடங்கள், குலச் சடங்கு சார்ந்தவை. இதன் ஒரே பிரதி ஊரில்தான் இருக்கும், ஊராட்சி அலுவலகத்துக்குப் போகாது. மூன்றாவது நோட்டு வெறும் தலைப்புதான்: "இந்த ஊரில் பாம்புக்கடிக்கு மருந்து தெரிந்த குடும்பம் உண்டு, விவரம் தர விரும்பவில்லை." இவ்வளவுதான். அந்த ஒரு வரிக்கே மதிப்பு உண்டு, நாளைக்கு யாராவது அதைத் தன் கண்டுபிடிப்பு என்று சொன்னால் இப்படி ஒரு அறிவு இங்கே ஏற்கெனவே இருந்தது என்பதற்கு அது சாட்சி.

எழுதி வைப்பதால் நன்மையே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். மஞ்சள்தூள் புண்ணை ஆற்றும் என்பதற்கு 1995-ல் அமெரிக்காவில் காப்புரிமை கொடுத்துவிட்டார்கள். பாட்டிக்குத் தெரியும் என்றால் அங்கே செல்லாது, எழுத்தில் காட்டு என்பார்கள். நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் பழைய நூல்களையும் 1953-ல் வந்த ஒரு மருத்துவ இதழ்க் கட்டுரையையும் எடுத்துக் காட்டித்தான் 1997-ல் அதை ரத்து செய்ய வைத்தது. ஏடும் இதழும் இல்லாத மலையூருக்கு அந்த வசதி இல்லை, அதனால்தான் பதிவேடு. எழுதினால் திருட்டு, எழுதாவிட்டாலும் திருட்டு என்ற இடத்தில் ஊர் நிற்கிறது. எதை எழுதுவது என்ற முடிவு ஊருடையது, உங்களுடையது அல்ல.

யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது

முதலில் பேச்சு. அதிகாரிகள் பலர் மலையூர்ப் பெரியவர்களை நீ, வா, போ என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். நீங்கள் அதைச் செய்யாதீர்கள். உங்கள் ஊர்ப் பெரியவரை எப்படிக் கூப்பிடுவீர்களோ அப்படியே, பாட்டி, தாத்தா, அக்கா, அண்ணா, நீங்க. மொழி புரியாவிட்டால் அந்த ஊர்ப் பிள்ளை ஒருவரையே கூட வைத்துக்கொள்ளுங்கள். மொழிபெயர்க்கும் சாக்கில் அந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும், உண்மையில் இந்த வேலையின் பெரிய லாபமே அதுவாக இருக்கலாம்.

கூலி கொடுங்கள். ஒரு நாள் உங்களோடு காட்டில் நடப்பவருக்கு ஒரு நாள் வேலை போகிறது. டீயும் பிஸ்கட்டும் கூலி ஆகாது.

ஊர்த் தலைவரான மூப்பனையும் மருத்துவரையும் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கிழங்கு எங்கே இருக்கிறது, எந்தக் கொடி முற்றியது, தோண்டியபின் தலைப்பக்கத்தை மறுபடி குழியில் வைத்து மண்ணைத் தள்ளினால் அடுத்த வருடம் மீண்டும் கிழங்கு பிடிக்கும் என்பதெல்லாம் பெண்களுக்குத் தெரிந்த அளவு ஆண்களுக்குத் தெரியாது. ஆனால் ஆண்கள் முன்னால் பல பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். கிழங்கு தோண்டப் போகும்போது கூடப் போங்கள், உங்கள் குழுவில் பெண்கள் இருந்தால்தான் அது நடக்கும். ஆடு மேய்க்கும் பையன்களை விடாதீர்கள், பறவைக்கூடு பற்றி அவர்களைப்போல் விவரம் தெரிந்தவர்கள் யாரும் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து கேட்டால் வருவது மூலிகைப் பட்டியல்தான். நடந்தால்தான் கதை வரும். தேன் என்று எடுத்துக்கொள்வோம். "தேன் எடுப்பீங்களா?" என்று கேட்டால் "ஆமா" என்று பதில் வரும், முடிந்தது. அதற்குப் பதிலாக மலைத்தேனீ கட்டும் பாறைக்கு எதிரே போய் நின்று கேளுங்கள். இந்தப் பாறை யாருடையது? வேறு குலத்து ஆள் ஏறலாமா? எந்த மரம் பூத்து எத்தனை நாள் கழித்து ஏறுவீர்கள்? அடையில் எந்தப் பகுதியை வெட்டுவீர்கள், புழு இருக்கும் பகுதியை என்ன செய்வீர்கள்? எத்தனை அடையை விட்டுவைப்பீர்கள்? ஏறுவதற்கு முன் என்ன விரதம்? கயிற்றை யார் பிடிப்பார்கள்? நீலகிரிக் குறும்பர்களிடம் இந்தக் கடைசிக் கேள்வியைக் கேட்டால், மனைவியின் சகோதரன், அதாவது மச்சான்தான் பிடிப்பார் என்பார்கள். தன் அக்கா தங்கை தாலி அறுபட எந்த மச்சானும் விடமாட்டான் என்பது கணக்கு! இதெல்லாம் சுவையான துணுக்கு என்று ஒதுக்காதீர்கள், யார் யாரோடு போக வேண்டும் என்ற கட்டுப்பாடு இருக்கும்வரை கண்டவனும் கண்ட நேரத்தில் பாறையில் ஏறித் தேனை அழிக்க முடியாது.

வழக்கம் என்றால் பழையது மட்டும் இல்லை, புதிதாக வந்ததையும் எழுதுங்கள். இருளர்கள் ஒருகாலத்தில் தோலுக்காகப் பாம்பு பிடித்தார்கள். 1972-ல் வனவிலங்குச் சட்டம் வந்தபின் அந்தத் தொழில் போனது. 1978-ல் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள், அதன் விஷம் எடுக்கும் இடம் மாமல்லபுரம் போகும் வழியில் வடநெம்மேலியில் இருக்கிறது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்து விஷம் எடுத்து, வயிற்றுச் செதிலில் அடையாளம் வைத்துக் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். அடையாளம் உள்ள பாம்பு மறுபடி கையில் சிக்கினால் உடனே தெரிந்துவிடும். நாட்டில் பாம்புக்கடி மருந்துக்கு வேண்டிய விஷத்தில் பெரும்பங்கு அங்கிருந்துதான் போகிறது. தடம் பார்த்துப் பாம்பைக் கண்டுபிடிக்கும் அதே அறிவு, விதி மட்டும் புதிது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-ல் பத்மஸ்ரீ வாங்கியதும், அதற்கு முன் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் மலைப்பாம்பு பிடிக்கப் போனதும் இந்த அறிவுக்காகத்தான்.

பெயர், படம், இடம்

அவர்கள் சொல்லும் பெயரை அவர்கள் சொல்கிற ஒலியிலேயே எழுதுங்கள், நீங்கள் திருத்த வேண்டாம். பக்கத்தில் நல்ல படம், இலை பூ காய் தனித்தனியாக. அறிவியல் பெயரைச் செயலியை நம்பி எழுதாதீர்கள், தாவரவியல் ஆசிரியரிடம் காட்டியபின் எழுதுங்கள்.

இடத்தைக் குறிப்பதில்தான் கவனம் வேண்டும். ஜி.பி.எஸ். புள்ளியோடு அரிய ஆர்க்கிட், ஆமை, இருவாச்சிப் பறவையின் கூடு என்று எழுதி வைத்தால் அது திருடனுக்கு வழிகாட்டி. கேரளத்தின் வாழச்சால் காட்டில் இருவாச்சிக் கூடு இருக்கும் மரங்களைக் காடர் பழங்குடியினர் கண்டுபிடித்து அவர்களே காவல் பார்க்கிறார்கள், ஒருகாலத்தில் குஞ்சு எடுத்தவர்களும் அதில் உண்டு. அந்த மரங்கள் எங்கே என்ற பட்டியல் ஊரார் கையில் இருக்கும்வரைதான் அது காவல். பதிவேட்டில் "இந்த மலைப்பகுதியில் உண்டு" என்பதோடு நிறுத்துங்கள்.

ஆனால் புனித இடங்களையும் பழைய ஊர்களையும் ஊர் விரும்பினால் வரைபடமாக்கலாம். சோளகர்கள் அப்படித்தான் செய்தார்கள்: தெய்வம், மாரம்மா, வீரு, முன்னோர் கல், நீர்ச்சுனை என்று தங்கள் எல்லைக்குள் இருக்கும் நூற்றுக்கணக்கான இடங்களை நடந்துபோய்க் குறித்தார்கள். 2011 ஜனவரியில் அந்த மலை புலிகள் காப்பகம் ஆனது. அதே ஆண்டு அக்டோபரில் 2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டப்படி 25 கிராம சபைகளுக்குச் சமூக வன உரிமை, அதாவது காட்டை ஊர் பொதுவாகப் பயன்படுத்திக் காக்கும் உரிமை, கிடைத்தது. புலிகள் காப்பகத்துக்குள் அப்படிக் கிடைத்தது நாட்டிலேயே அதுதான் முதல்முறை. உங்கள் ஊர் இன்னும் அந்த உரிமைக்கு மனு போடவில்லை என்றால், நீங்கள் எழுதும் பெரியவர்களின் வாக்குமூலம், பழைய ஊர், சுடுகாடு, கோயில் இருக்கும் இடங்கள் எல்லாம் அந்த மனுவுக்கும் சான்றாகும். அதனால் வாக்குமூலத்தைத் தேதி, சாட்சி, கைரேகையோடு தனித்தாளில் எழுதி வாங்கிவிடுங்கள். அச்சட்டத்தின் 3(1) பிரிவில், ஆங்கிலப் பிரதியில் (k) என்று வரும் இடத்தில், மரபறிவின் மீது சமூகத்துக்கு உரிமை உண்டு என்பதும் இருக்கிறது. தமிழ்ப் பிரதியில் எழுத்து வேறாக இருக்கலாம், பிரிவைத் தேடிப் படித்துக்காட்டுங்கள்.

எழுதியபின்

ஊர்க்கூட்டத்தில் சத்தமாக முழுதும் வாசியுங்கள். தப்பைச் சொல்வார்கள், சண்டை வரும், ஒருவர் "அது அப்படி இல்லை" என்பார். இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள், நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். "இதை எடுத்துவிடு" என்று சொன்னால் அங்கேயே அடித்துவிடுங்கள்.

வாய்வழியாக வந்தது என்றால் அப்படியே குறிப்பிட்டு எழுதுங்கள். காரணம், 2023-ல் உயிரியல் பல்வகைமைச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள், 2024 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. சித்த, ஆயுர்வேத நூல்களில் ஏற்கெனவே எழுதப்பட்ட அறிவைப் பயன்படுத்துகிறவர்கள் இனி ஊருக்கு லாபத்தில் பங்கு கொடுக்க வேண்டியதில்லை. உங்கள் ஊர் சொல்வது எந்த நூலிலிருந்தும் வந்ததில்லை, தலைமுறையாகக் கேட்டு வந்தது என்பது எழுத்தில் தெளிவாக இருப்பது நல்லது.

பதிவேட்டோடு இன்னொரு நோட்டும் உண்டு, இதைப் பெரும்பாலான ஊர்களில் தொடங்கவே இல்லை: வெளியாள் யார் வந்து என்ன எடுத்தார், என்ன கட்டணம் வாங்கினோம், அது எங்கே போனது என்பதற்கு. பல்லுயிர் மேலாண்மைக் குழு தன் எல்லைக்குள் வணிகத்துக்கு எடுப்பவரிடம் கட்டணம் வாங்கலாம் என்று அதே சட்டத்தின் 41-ம் பிரிவே சொல்கிறது. லாரியில் கடுக்காயும் கல்பாசியும் ஏறிப்போகும் ஊர்களுக்கு இதுதான் உடனே பணம் தரும் பக்கம். முதல் பக்கத்தை நீங்களே கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒரு பிரதி ஊரில், ஊர் சொல்கிறவர் வீட்டில். எளிய தமிழில், பெரிய எழுத்தில். முதல் நோட்டு மட்டும் ஊராட்சிக்கு. இணையத்தில் ஏற்றச் சொல்லி மேலிடத்திலிருந்து கேட்டால் ஊர்க்கூட்டத்தின் தீர்மானம் இல்லாமல் ஏற்றாதீர்கள். மழைக்காலத்தில் எழுதியிருந்தால் கோடையில் ஒருமுறை மறுபடி போங்கள், பாதி விஷயம் அப்போதுதான் கண்ணில் படும். ஒலிப்பதிவுகளை ஒரு பென்டிரைவில் ஊருக்குக் கொடுத்து, அது ஓடுகிறதா என்று அங்கேயே போட்டுக் காட்டிவிட்டு, உங்கள் போனிலிருந்தும் கூகுள் டிரைவிலிருந்தும் அவர்கள் கண்முன்னாலேயே அழித்துவிடுங்கள்.